கோடம்பாக்கம் போகாமல் ஒரு முழுநீளப் படத்தை முடித்துவிட்டோம்; இனி எந்தக் கதவைத் தட்டுவது?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஓர் அக்கா, தம்பியின் கதையை 96 நிமிடப் படமாக எடுத்து முடித்திருக்கிறோம். சொந்தமாக ஒரு மிரர்லெஸ் கேமரா, வாடகைக்கு இரண்டு லென்ஸ்கள், ஒலிக்கென்று ஒரு சிறிய ரெக்கார்டர், கூட்ட நெரிசலான சில காட்சிகளுக்குக் கைப்பேசி ஆகியவற்றைக் கொண்டே மொத்தப் படத்தையும் எடுத்தோம். படத்தொகுப்பும் வண்ணச் சீரமைப்பும் என் வீட்டு மாடியறைக் கணினியில், இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் நடந்தன. சுவரெல்லாம் மெத்தையும் போர்வையும் தொங்கவிட்ட ஒரு படுக்கையறைதான் எங்கள் டப்பிங் கூடம். இசையமைத்தவர் நாகர்கோவிலில் இருக்கிறார். முழுப் பின்னணி இசையும் முடியும்வரை நாங்கள் இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. செலவு 11 லட்சம் ரூபாய். அதில் பாதி கடன்.

படம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. தொழில்நுட்பம் வந்த பிறகு சினிமா எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, சென்னையில் இருப்பவர் மட்டுமே படம் எடுக்க முடியும் என்ற காலம் போய்விட்டது என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தோம்; அதை நம்பித்தான் இறங்கினோம். எடுக்கும் வரையில் அது உண்மையாகவே இருந்தது. ஆனால் வெளியிடும் நிலைக்கு வந்ததும் எங்கள் முன்னால் இருப்பவை எல்லாம் மூடிய கதவுகளாகவே தெரிகின்றன. ஓடிடி தளங்களுக்கு நேரடியாக அனுப்ப வழி தெரியவில்லை. இடைத்தரகர் ஒருவர் படத்தைப் பார்க்கக்கூட முன்பணம் கேட்கிறார். முன்னோட்டத்தை யூடியூபில் ஏற்றிய மறுநாளே, நாங்களே இசையமைத்த பாடலுக்கு வேறு யாரோ உரிமை கோரி அறிவிப்பு வந்தது.

என் கேள்வி இரண்டு. திரைத்துறை உண்மையிலேயே பரவலாகிவிட்டதா, அல்லது பரவலானது படம் எடுப்பது மட்டும்தானா? தியேட்டர், ஓடிடி, யூடியூப் ஆகிய மூன்றில் எங்களைப் போன்றவர்கள் எதை முதலில் நாட வேண்டும்?

ஆய்வகத்து முதியவர்

தம்பிக்கு வாழ்த்துகள். சென்னையின் பிலிம் ஆய்வகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் நெகடிவ் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நீங்கள் கடந்து வந்த தூரம் எவ்வளவு என்பது உங்களுக்கே சரியாகத் தெரிந்திருக்காது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். உங்கள் 96 நிமிடப் படத்தின் ஒரு பிரதிக்கு மட்டும் 8,640 அடி வேண்டும். படத்தில் இடம்பெறும் ஓர் அடிக்கு ஐந்து அடி என்று மிகச் சிக்கனமாக எடுத்திருந்தாலும் 43,200 அடி, அதாவது 108 சுருள்கள் நெகடிவ் வாங்கியிருக்க வேண்டும். அதைக் கழுவ வேண்டும், எடுத்ததைப் போட்டுப் பார்க்க ரஷ் பிரதி போட வேண்டும், ஒலியைத் தனியாக மாற்ற வேண்டும். திரையில் முதல் பிம்பம் தெரிவதற்கு முன்பே உங்கள் 11 லட்சத்தைப் பிலிம் தின்றிருக்கும். 1977-இல் 'பதினாறு வயதினிலே' கேமராவைக் கிராமத்துத் தெருவுக்குக் கொண்டு போனதை எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல், எந்தக் கிராமத்தில் எடுத்த படமானாலும் அதன் சுருள்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறிச் சென்னை ஆய்வகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நிலை மாறவில்லை. எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்பது ஆய்வகத்திலிருந்து சேதி வரும்வரை படக்குழுவுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். தமிழ் சினிமா தொடக்கத்திலிருந்தே கோடம்பாக்கத்துக்குள் அடங்கிக் கிடந்ததில்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. ஏவி.எம். 'நாம் இருவர்' படத்தை 1947-இல் காரைக்குடியில் இருந்து கொடுத்தது. நடிகர்களும் வாத்தியக்காரர்களும் ஆய்வகங்களும் கடன் கொடுப்பவர்களும் ஒரே ஊரில் திரண்ட பிறகுதான் மற்ற ஊர்கள் ஒளி மங்கின. ஆகவே உங்களைப் போன்றவர்கள் இப்போது செய்வதில் ஒரு பகுதி, இழந்ததை மீட்பது.

அந்தத் திரட்சி ஒரே நாளில் கலைந்ததும் இல்லை. 1992-இல் 'ரோஜா'வின் பாடல்கள் வீட்டை ஒட்டிய ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாயின. 1994-இல் 'மகாநதி' ஆவிட் என்ற கணினித் தொகுப்புக் கருவியில் தொகுக்கப்பட்டது. 2004-இல் 'வானம் வசப்படும்' டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டு வந்தது. 2013-இல் ஃபியூஜி நிறுவனம் திரைப்படச் சுருள் தயாரிப்பையே நிறுத்தியது. அதையொட்டிய ஆண்டுகளில் எங்கள் ஆய்வகத்தில் கழுவும் தொட்டிகள் வறண்டன. எனக்கு வேலை போனது. அதற்காக உங்கள் கையில் வந்ததைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. பிலிம் விலை அதிகம் என்பதால் ஒவ்வோர் அடிக்கும் ஆய்வகத்தில் யாராவது ஒருவர் கேள்வி கேட்பார். ஒளி குறைந்திருக்கிறது, போகஸ் நழுவியிருக்கிறது, இந்த இரண்டு துண்டுகளும் ஒட்டாது என்று அனுபவசாலிகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மாடியறையில் தனியாகத் தொகுப்பவருக்கு அந்தக் குரல் கிடைப்பதில்லை. படத்தை வெளியே எடுத்துச் செல்வதற்கு முன், உங்கள் நண்பர்கள் அல்லாத பத்துப் பேருக்குப் போட்டுக்காட்டி, அவர்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பாருங்கள்.

கொட்டகைக்காரர்

தேனி மாவட்டத்தில் ஒற்றைத் திரை கொண்ட தியேட்டர் ஒன்றை என் தந்தைக்குப் பிறகு நான் நடத்தி வருகிறேன். பெரியவர் எடுக்கும் பக்கத்தைச் சொன்னார். காட்டும் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அந்தக் காலத்தில் 'சி' சென்டர். மதுரையில் வெளியான படம் பெரியகுளம், கம்பம் என்று சுற்றி எங்களிடம் வர ஆறு வாரமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். விநியோகஸ்தர் அலுவலகத்தில் பெட்டியை வாங்கி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டு வருவோம். ஒரே பிரதியை இரண்டு ஊர்கள் பங்கிட்டு ஓட்டிய நாட்களில், முதல் ஊரில் ஓடி முடிந்த ரீல்களை ஒரு பையன் சைக்கிளில் வைத்து இங்கே கொண்டு வருவான்; அவன் டயர் பஞ்சரானால் இடைவேளை நீளும். பிரதிகளில் கீறல் விழுந்திருக்கும், பாட்டில் பாதி அறுந்திருக்கும். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் சின்னப் படத்துக்கு ஒரு நன்மை இருந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறேன். பிரதி எடுக்கும் செலவு பெரிய படத்தையும் கட்டிப்போட்டது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் இறங்க அதனால் முடியாது. அது வந்து சேராத ஊர்களில் வேறு படங்களுக்கு இடம் இருந்தது. நல்ல பேர் வாங்கிய சின்னப் படம் அந்தப் பேர் எங்கள் ஊருக்கு வந்த பிறகு, தானும் பின்னாலேயே வந்து சேரும்.

சென்னையிலேயே உருவான க்யூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் 2005 வாக்கில் வந்தன. படம் ஹார்ட் டிஸ்க்கில் வரும், அல்லது செயற்கைக்கோள் வழியாகச் சர்வரில் இறங்கும். அது பூட்டிய படம். எந்தத் தேதியில், எந்தத் திரையில், எத்தனை நாள் ஓட்டலாம் என்பதை ஒரு டிஜிட்டல் சாவி தீர்மானிக்கும். படச்சுருள் என் அறையில் இருந்தது போல இந்தப் படம் என்னிடம் 'இருப்பது' இல்லை. இதனால் கள்ளப் பிரதிகள் கசிவது குறைந்தது, முதல் நாள் தெளிவு கடைசி நாள் வரை குறையாமல் இருக்கிறது, ஓட்டிய ஒவ்வொரு காட்சிக்கும் பதிவு இருப்பதால் தயாரிப்பாளரிடம் கணக்கை மறைக்க முடியாது. இவை பெரிய நன்மைகள்.

ஆனால் பிரதிச் செலவு குறைந்ததும் நடந்தது என்ன? பெரிய படங்கள் முதல் வெள்ளிக்கிழமையே நூற்றுக்கணக்கான திரைகளில் இறங்கத் தொடங்கின. எங்கள் ஊரும் சென்னையும் ஒரே நாளில் ஒரே படத்தைப் பார்க்கின்றன. எங்கள் ரசிகருக்கு அது மரியாதைதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் வசூல் முழுவதும் முதல் மூன்று நாட்களுக்குள் சுருங்கிவிட்டது. தமிழில் ஆண்டுக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியாகின்றன. வாரத்துக்கு நான்கு என்று ஆகிறது. ஒரு திரை வைத்திருக்கும் நான் ஒன்றைத்தான் எடுக்க முடியும். உங்களைப் போன்றவர்களுக்கு நான் தரக்கூடியது காலை 11 மணிக் காட்சி. நம் படம் வந்திருக்கிறது என்ற சேதி மக்களுக்குப் போய்ச் சேருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். எல்லோருக்கும் வழி திறக்கும் என்று சொல்லப்பட்ட கருவி, ஏற்கெனவே வலுவாக இருந்தவருக்கே முதலில் வழியை அகலமாக்கியது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, என் கவுன்ட்டரில் பார்த்துச் சொல்கிறேன்.

திரையிடல் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். தியேட்டரில் புரொஜெக்டர் வைத்த செலவை ஈடுகட்டுவதற்காக விபிஎஃப் என்ற பெயரில் ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளரிடம் வாங்கும் கட்டணம் அது. அதைக் குறைக்கக் கோரித்தான் 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரங்கள் புதிய தமிழ்ப் படம் எதுவும் வராமல் நின்றது. 300 திரைகளில் இறங்குபவருக்கு அது வரவில் ஒரு சிறு பங்கு. நான்கு திரைகளில் இறங்கும் உங்களுக்கு, முதல் நாள் டிக்கெட் பணம் முழுவதும் அதற்கே போய்விடக்கூடும்.

ஒலிக்கலவை

நான் ஒலிக்கலவைப் பொறியாளர். சிறு படங்களைத் தளங்களுக்கு ஒப்படைக்கும் வேலையையும் சில ஆண்டுகளாகச் செய்கிறேன். பொருநைக்கரை அவர்களே, உங்கள் படம் நின்றுபோயிருப்பது பெரும்பாலும் கலைத்தரத்தால் இருக்காது, காகிதத்தால் இருக்கும். முன்பு வாசலில் பிலிம் நின்றது, இப்போது ஆவணம் நிற்கிறது.

ஓடிடி தளமோ அதற்குப் படம் வாங்கித் தரும் நிறுவனமோ முதலில் கேட்பது உரிமைத் தொடர்ச்சியை. கதை எழுதியவர், இயக்குநர், நடித்தவர்கள், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று ஒவ்வொருவரிடமிருந்தும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். நண்பர்கள் ஐந்து பேர் வாய்மொழியாகச் செய்த படத்தில் பெரும்பாலும் இது ஒன்றுகூட இருப்பதில்லை. இன்றே எழுதி வாங்குங்கள். படத்துக்கு நல்ல விலை வந்த பிறகு எழுதப் போனால் நட்புக்கும் ஆபத்து. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, படத்தைத் தியேட்டரில் காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிய ராயல்டிப் பங்கை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பதையும் மனத்தில் கொண்டு எழுதுங்கள்.

யூடியூபில் வந்த உரிமைக் கோரிக்கைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம், ஏற்றப்படும் ஒவ்வோர் ஒலியையும் தன்னிடம் பதிவாகியுள்ள ஒலிகளோடு ஒப்பிடுகிறது. உங்கள் இசையமைப்பாளர் விலைக்கு வாங்கிய தாளத் துண்டு ஒன்றைப் பயன்படுத்தியிருந்து, அதே துண்டைப் பயன்படுத்திய வேறொருவர் தன் பாடலை முதலில் பதிவு செய்திருந்தால், இயந்திரம் உங்களைத்தான் திருடராகக் காட்டும். வாங்கிய உரிமச் சீட்டை இணைத்து மறுப்புத் தெரிவியுங்கள். அப்படி எதையும் வாங்கவில்லை, முழுவதும் வாசித்ததே என்றால் அதையும் எழுதி மறுக்கலாம்.

அடுத்தது தொழில்நுட்பம். கைப்பேசிகள் பெரும்பாலும் நிலையான வேகத்தில் பதிவதில்லை; நொடிக்கு 30 பிரேம் என்று காட்டினாலும் உள்ளே ஏறி இறங்கும். அந்தத் துண்டுகளில் உதடும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். கணினித் திரையில் கவனிக்காமல் விட்டதைத் தியேட்டர் திரை காட்டிக்கொடுத்துவிடும். படத்தைத் தியேட்டருக்குரிய டிசிபி கோப்பாக மாற்றுவதற்கு டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நொடிக்கு 24 பிரேம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒலிக்கலவையை மட்டும் படுக்கையறையில் முடித்துவிடாதீர்கள். முறையாக அளவிட்டு அமைத்த கூடத்தில் இரண்டு நாட்கள் வாடகைக்கு உட்காருங்கள். இன்னும் பரவலாகாமல் நிற்பது அந்த அறை ஒன்றுதான்; ஏனெனில் அங்கே விலை கருவிக்கு இல்லை, இடத்துக்கு. வசனம் நீங்கலாக இசையும் பிற ஒலிகளும் மட்டும் கொண்ட தனித் தடம் ஒன்றையும் அப்போதே எடுத்து வையுங்கள். நாளை யாராவது மலையாளத்தில் டப் செய்ய விரும்பினால் அது இல்லாமல் முடியாது.

தணிக்கைச் சான்றிதழுக்கு இப்போது இ-சினிபிரமாண் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஓடிடிக்கு மட்டும் என்றால் முன்கூட்டிய தணிக்கை தேவையில்லை. தியேட்டர் என்றால் கட்டாயம். உங்கள் சூளைக் காட்சிகளில் மாடோ கழுதையோ இருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைக் கேட்பார்கள். அந்த வாரியத்தின் தலைமையகம் முன்பு சென்னையில் இருந்தது. 2018-இல் அரியானாவுக்குப் போய்விட்டது.

முன்பணம் கேட்கும் தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பனையடி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சகோதரர்களுக்குக் கோடம்பாக்கம் தொலைவில் இருந்த மையம். எங்களுக்கோ அது கடலுக்கு அப்பால் இருந்த மையம். எங்கள் தியேட்டர்களில் ஓடுபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்களே. எங்கள் பேச்சில், எங்கள் தெருக்களில் எடுத்த படத்துக்கு இங்கே சந்தை மிகச் சிறியது. ஆகவே டிஜிட்டல் கருவிகள் வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது வேறொரு வகையான பரவல். இங்கே எடுக்கப்படும் படத்தின் தொகுப்பாளர் பாரிஸில் இருப்பார், இசையமைப்பவர் ரொறன்ரோவில் இருப்பார், காசு போட்டவர் நோர்வேயில் இருப்பார். புலம்பெயர்ந்தவர்களே எடுத்த படங்களும் உண்டு. கனடாவில் உருவான 'ஏ கன் அண்ட் எ ரிங்' 2013-இல் ஷாங்காய் திரைப்பட விழாவரை போனது.

அத்தகைய படங்களில் பலவற்றை விநியோகஸ்தர் யாரும் எடுப்பதில்லை. படக்குழுவினரே ஒரு மண்டபத்தையோ தியேட்டரில் ஒரு காட்சியையோ வாடகைக்கு எடுத்து, ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் வழியாக நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். ஒரு நகரத்தில் 200 பேர், அடுத்த நகரத்தில் 150 பேர். படம் முடிந்ததும் இயக்குநர் அங்கேயே நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வார். இதில் பெரும் பணம் இல்லை, ஆனால் பார்த்தவர் யார் என்பது எடுத்தவருக்குத் தெரியும். தளத்தில் ஏற்றிய படத்தை எந்த ஊரில் எவர் பார்த்தார் என்பது பெரும்பாலும் தளத்துக்கு மட்டுமே தெரியும். எனக்கு அதுவே பெரிய இழப்பாகப் படுகிறது.

இந்த வழி புதியதும் இல்லை. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடெசா குழுவினரும் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 1986-இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். அதே கேரளத்தில் 2024 மார்ச்சில் அரசே சி ஸ்பேஸ் என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியிருக்கிறது; தொடங்கியபோது ஒரு படத்துக்கு 75 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். வெளியீட்டையும் பொதுக் கைகளில் வைத்திருக்க முடியும் என்பதற்கு அது ஒரு தொடக்கம். தமிழுக்கு அப்படி ஒன்று வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். சகோதரர் தியேட்டருக்காகக் காத்திராமல், தம் படத்தின் மக்கள் யார் என்று கண்டு அவர்களிடம் நேரே போகலாம் என்பது என் கருத்து.

கொட்டகைக்காரர்

பனையடி அவர்கள் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்தில் திரை கட்டி டிக்கெட் விற்பது அவ்வளவு எளிதில்லை. 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்டலாம். அதைவிட உரிமம் உள்ள தியேட்டரிலேயே ஒரு காட்சியை மொத்த வாடகைக்குப் பேசுங்கள். பெரும்பாலான ஒற்றைத் திரைகள் செவ்வாய், புதன் பகல் காட்சிகளில் மின்கட்டணத்துக்குக்கூட ஆள் வராமல் கிடக்கின்றன. பொங்கல் படங்கள் இறங்கிய பின் பிப்ரவரியில் வந்தால் என்னிடமே இடம் இருக்கும்.

பொருநைக்கரை

பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. ஒப்பந்தங்களை இந்த வாரமே எழுதத் தொடங்குகிறோம். கைப்பேசித் துண்டுகளைச் சரிபார்த்தபோது, ஒலிக்கலவை ஐயா சொன்ன விலகல் இரண்டு காட்சிகளில் இருக்கிறது. இசையமைப்பாளரிடம் கேட்டேன், உறுமியின் துண்டு ஒன்று வாங்கியதுதான், சீட்டு அவரிடம் பத்திரமாக உள்ளது. யூடியூபைக் கடைசியாக வைத்துக்கொள்கிறோம்.

கொட்டகைக்கார ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். பிப்ரவரியில் எங்கள் மக்கள் வரமாட்டார்கள். தை பிறந்ததும் சூளை வேலை தொடங்கிவிடும். நடுநிசியிலேயே கல் அறுக்கப் போய்விடுவார்கள். மழை பிடித்து வேலை நின்ற பிறகு, ஐப்பசி கார்த்திகையில்தான் அவரவர் ஊரில் இருப்பார்கள். அவர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அம்பாசமுத்திரம் பக்கத்துத் தியேட்டர்களில் கார்த்திகையில் இப்படிக் காட்சிகள் பேச முடியுமா?

கொட்டகைக்காரர்

முடியும். தீபாவளிப் படம் இறங்கி மூன்றாவது வாரம் பேசுங்கள். அதற்குள் கூட்டம் வடிந்திருக்கும், அடுத்த பெரிய படமும் வந்திருக்காது. உங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தனிச்செய்தியில் எண்ணை அனுப்புங்கள், நானே பேசுகிறேன். வாடகையை இருக்கைக் கணக்கில் பேசாமல் காட்சிக் கணக்கில் பேசுங்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள் இருந்தால் பகல் 2 மணிக் காட்சியே நல்லது. இரவுக் காட்சி முடிந்தால் அவர்களுக்குத் திரும்பப் பஸ் இருக்காது. ஹார்ட் டிஸ்க்கோடு இரண்டு நாட்கள் முன்னதாகவே போய், முதல் ரீல் அளவுக்காவது திரையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.